ஒரே வயரில் 9, 12, 13 அம்பியர்: டிரைவின் ரெக்டிஃபயரையும் ஹார்மோனிக்கையும் அளப்பது எப்படி

கேள்வி கேட்ட தம்பி இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் எலக்ட்ரீஷியன். மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் பத்தில் மூன்றுக்கு, முதல் கட்டமாக, விசிறி மோட்டருக்கு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்டிருக்கிறார்கள். மோட்டர் ஒவ்வொன்றும் 7.5 கிலோவாட். 45 ஹெர்ட்ஸில் ஓடும்போது டிரைவுக்குள் போகிற வயரில் அவருடைய கிளாம்ப் மீட்டர் 9 அம்பியர் காட்டுகிறது, வேறொருவர் கொண்டுவந்தது 12 காட்டுகிறது, டிரைவின் திரையில் 13. அளக்க வந்தவர்கள் தந்த அறிக்கையில் அந்த டிரைவுக்கு ஒரு பக்கத்தில் டிஎச்டி (ஹார்மோனிக், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்து வருவது, மொத்தம் எவ்வளவு என்ற எண்) 78 சதவீதம், இன்னொரு பக்கத்தில் 61.5, இரவில் மெயின் போர்டில் 14. டிரைவ் வந்த பிறகு, பவர் ஃபாக்டரைத் தூக்க வைத்திருக்கும் கப்பாசிட்டர் பேங்கில் இரண்டு தடவை கப்பாசிட்டர் வீங்கிவிட்டது. போதாததற்கு, டிரைவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரின் எஃபிஷியன்சி 81 சதவீதம் என்று டெக்னிக்கல் கொலிஜில் படித்தோமே, மீதி 19 வீணாகிறதா என்றும் கேட்டிருக்கிறார். எந்த மீட்டர் சரி, ரெக்டிஃபயர் பழுதா, ஹார்மோனிக்கைக் குறைக்க ஃபில்டர் வாங்க வேண்டுமா, இதுதான் அவர் வரிசை.

வரிசை நீளமாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அளந்து வந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? எங்கே அளந்தது, எந்தச் சுமையில் அளந்தது, எதால் வகுத்த சதவீதம், இந்த மூன்றும் கூட வராத எண் வெறும் எண்தான். நான் தேயிலை ஸ்டோர்களில் மோட்டர், போர்டு, டிரைவ் என்று பல வருஷம் கை வைத்தவன். இந்த மூன்றையும் யாரும் கேட்காததால் தேவையில்லாத ஃபில்டர் வாங்கிய இடமும் தெரியும், தேவைப்பட்டதை வாங்காமல் விட்ட இடமும் தெரியும்.

முதலில் மீட்டர். 12 சரி, 9 பிழை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் அலையைச் சீராக்கி, சராசரி எடுத்து, அதை 1.11 ஆல் பெருக்கி, அதுதான் ஆர்எம்எஸ், அதாவது வயரைச் சூடாக்குகிற உண்மையான அளவு, என்று காட்டும். சைன் அலைக்கு அந்தக் கணக்கு சரியாக வரும், மற்ற எந்த அலைக்கும் வராது. டிரைவுக்குள் போகிற மின்னோட்டம் சைன் அலை இல்லை. ஒரு ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தால் தெரியும்: அரைச் சுற்றில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோபுரம் நிற்கும், நடுவில் பள்ளம், இரு பக்கமும் வெறும் தரை. டிரைவின் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் எப்போதும் உச்ச வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிரம்பியே இருப்பதால், லைன் வோல்ட் அதை மிஞ்சுகிற சின்ன நேரத்தில் மட்டும் டயோட் திறந்து மின்னோட்டம் பாய்கிறது. அதனால் ஆர்எம்எஸ் 12 என்றாலும் உச்சி 24, 25 அம்பியர் வரை போகும், சராசரியோ குறைவாக இருக்கும். இந்த மாதிரி அலையில் சராசரி மீட்டர் 20 முதல் 40 சதவீதம் வரை குறைத்துக் காட்டுவது வழக்கம். உங்களுடையது 25 குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேபிளையும் பிரேக்கரையும் சூடாக்குவது 12 தான், 9 இல்லை. கேபிள் சைஸ் பார்க்கிறவர் 9ஐ வைத்துக் கணக்குப் போட்டால் லக் சூடாகும் போதுதான் உண்மை தெரியும். மீட்டர் வாங்கும்போது முகப்பில் ட்ரூ ஆர்எம்எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். கிரெஸ்ட் ஃபாக்டர் (உச்சியை ஆர்எம்எஸ்ஸால் வகுத்தது) 3 வரை தாங்கும் என்று மனுவலில் இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

திரையில் வரும் 13 வேறு கதை. அது பிழை இல்லை, வேறொரு வயரின் கணக்கு. டிரைவ் காட்டுவது மோட்டருக்குப் போகிற மின்னோட்டம். மோட்டருக்குச் சுமை கொஞ்சமாக இருந்தாலும் காந்தப்புலம் உண்டாக்க ஒரு பங்கு மின்னோட்டம் வேண்டும். அந்தப் பங்கு டிரைவின் கப்பாசிட்டருக்கும் மோட்டருக்கும் இடையிலேயே போய் வந்துகொண்டிருக்கும், லைன் பக்கம் வராது. ஆகவே உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வேகம் குறையக் குறைய வித்தியாசம் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 ஹெர்ட்ஸில் இந்த விசிறி சுமார் 5.5 கிலோவாட் கேட்கும், மோட்டர் இழப்பும் டிரைவ் இழப்பும் சேர்த்தால் லைனிலிருந்து 6.4 கிலோவாட், அதற்கு 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் மட்டும் 9.4 அம்பியர். 78 சதவீதம் ஹார்மோனிக் அதன் மேல் ஏறினால் ஆர்எம்எஸ் 12. உங்கள் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, பழைய மீட்டரைத் தவிர. டிரைவின் வெளிப்பக்க வோல்ட்டைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க வேண்டாம், அது துண்டு துண்டாக வெட்டிய அலை, வருகிற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. அந்தத் துண்டுகளை வடிகட்டும் லோ பாஸ் வசதி உள்ள மீட்டர் இருந்தால் பரவாயில்லை.

அறிக்கையில் 78ம் 61.5ம் ஏன்? இரண்டும் ஒரே அளவீடு. ஹார்மோனிக் எல்லாவற்றையும் சேர்த்த ஆர்எம்எஸ்ஸை 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால் வகுத்தால் 78. அதையே மொத்த ஆர்எம்எஸ்ஸால் வகுத்தால் 61.5. கூட்டல் சரிதானா என்று பாருங்கள்: 0.78ஐ வர்க்கித்து 1ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.268, 78ஐ அதனால் வகுத்தால் 61.5. ஹார்மோனிக்கை அளக்கும் அனலைசரில் ஒன்றுக்கு எஃப் என்றும் மற்றதற்கு ஆர் என்றும் ஒரு செட்டிங் இருக்கும், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். தர ஆவணங்கள் டிஎச்டி என்று சொல்வது முதல் வகையைத்தான், ஆகவே 78ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.268ஐத் தலைகீழாக்கினால் 0.79 வரும், அதுதான் அலை கெட்டதால் மட்டும் விழுகிற பவர் ஃபாக்டர். இதைக் கப்பாசிட்டர் போட்டுத் தூக்க முடியாது. வோல்ட்டுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான பின்தங்கலைத்தான் கப்பாசிட்டர் சரிசெய்யும். டயோட் ரெக்டிஃபயரில் அந்தப் பின்தங்கல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

78 சதவீதம் என்றதும் பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. லைனில் சோக் (மின்னோட்டம் சட்டென ஏறுவதைத் தடுக்கும் கம்பிச் சுருள்) இல்லாத ஆறு டயோட் ரெக்டிஃபயருக்கு 70 முதல் 120 வரை வருவது சாதாரணம். பாடப்புத்தகத்தில் 31 சதவீதம் என்று வருமே, அது டிசி பக்கம் பெரிய சோக் வைத்து மின்னோட்டத்தைத் தட்டையாக்கிய கற்பனை ரெக்டிஃபயருக்கு. அதிலே ஐந்தாவது ஹார்மோனிக் 20, ஏழாவது 14.3, பதினோராவது 9.1, பதின்மூன்றாவது 7.7 என்று அழகாக இறங்கும். உங்கள் டிரைவில் ஐந்தாவது 60க்கு மேல், ஏழாவது 40 பக்கம் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இரவு பிந்தி, கொழுந்தின் மேலீரம் போன பிறகு விசிறியை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினீர்கள் என்று வையுங்கள். விசிறியின் சக்தி வேகத்தின் மும்மடிக்கு இறங்கும், 1.6 கிலோவாட்டுக்கு வந்துவிடும். லைனில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 3 அம்பியர் பக்கம். அப்போது அனலைசர் டிஎச்டி 110 சதவீதம் என்று காட்டலாம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் எட்டிப் பார்த்து, வேகத்தைக் குறைத்ததும் ஹார்மோனிக் கூடிவிட்டது என்பார். கூடவில்லை. 3 அம்பியரில் 110 சதவீதம் என்றால் 3.3 அம்பியர் ஹார்மோனிக், 45 ஹெர்ட்ஸில் 9.4இல் 78 சதவீதம் என்றால் 7.3 அம்பியர். பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ட்ரான்ஸ்போமருக்கும் கேபிளுக்கும் உறைப்பது அம்பியர்தான், சதவீதம் அதற்குத் தெரியாது. ஆகவே அறிக்கை தருகிறவரிடம் சதவீதத்தோடு ஒவ்வொரு ஹார்மோனிக்கின் அம்பியரையும் கேட்டு வாங்குங்கள். அனலைசரில் அது இருக்கும், ஒரு பட்டன் தள்ளி.

சரி, ரெக்டிஃபயர் பழுதா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் மூன்று ஃபேஸின் தனித்தனி எண்களை நீங்கள் தரவில்லை, அதனால் சத்தியம் பண்ண மாட்டேன். நல்ல ரெக்டிஃபயரில் 5, 7, 11, 13 இவைதான் தெரியும். இரட்டைப்படை ஹார்மோனிக் ஒன்றுமில்லாத அளவுக்கு இருக்கும், மூன்றாவதும் சின்னதாக இருக்கும், மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். ஒரு டயோட் திறந்துபோனால் அந்த ஃபேஸில் இரண்டாவது, நான்காவது எல்லாம் எழும்பும், டிசி கூட வரும். ஒரு ஃபேஸ் மொத்தமாகப் போனால், ஃப்யூஸ் எரிந்தது மாதிரி, அது ஒற்றை ஃபேஸ் ரெக்டிஃபயர் போலவே நடந்துகொள்ளும்: மூன்றாவது ஹார்மோனிக் ஒரேயடியாக ஏறும், மீதி இரண்டு ஃபேஸில் அம்பியர் கூடும், டிசி பஸ்ஸின் (ரெக்டிஃபயருக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில் கப்பாசிட்டர் நிற்கும் டிசி லைன்) ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், 300 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம், மூன்றாவது ஹார்மோனிக் கொஞ்சம் தெரிந்தால் உடனே டயோடைச் சந்தேகிக்கக் கூடாது. நம்முடைய மலை நாட்டில் லைன் பள்ளமும் மேடும் ஏறி இறங்கி நீளமாக வருகிறது, ஒற்றை ஃபேஸ் சுமைகள் ஒரு பக்கம் சாய்ந்தால் மூன்று ஃபேஸின் வோல்ட்டும் ஒன்றாக இருக்காது. வோல்ட்டில் இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் இருந்தாலே டயோட் ரெக்டிஃபயரின் அம்பியரில் பெரிய வித்தியாசம் வரும், ஏனென்றால் உயர்ந்த ஃபேஸ்தான் கப்பாசிட்டரை முதலில் நிரப்புகிறது. முதலில் வோல்ட் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, அப்புறம் அம்பியரைப் பாருங்கள்.

டிசி பஸ்ஸையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. 400 வோல்ட் லைனுக்கு அது 540க்கும் 565க்கும் இடையில் நிற்க வேண்டும். சுமை ஏறும்போது 540 பக்கம் வரும், சுமை இல்லாதபோது உச்சமான 565ஐத் தொடும். பெரும்பாலான டிரைவ்களின் மெனுவிலேயே இந்த எண் வரும், மூடியைத் திறக்கத் தேவையில்லை. திறந்தே ஆக வேண்டும் என்றால், பிரேக்கரை நிறுத்திய பிறகு டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் நிமிஷக் கணக்குக்குக் காத்திருந்து, பஸ்ஸில் மீட்டர் வைத்து வோல்ட் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள். லைட் அணைந்துவிட்டது என்பது அத்தாட்சி இல்லை. டயோடை மீட்டரின் டயோட் செட்டிங்கில் பார்த்தால் ஒரு பக்கம் 0.4, 0.5 வோல்ட் காட்ட வேண்டும், மறுபக்கம் திறந்திருக்க வேண்டும், ஆறும் ஒன்று போல. ஸ்கோப் வைக்கிறவர்கள் டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் பஸ்ஸைத் தொடவே கூடாது. ஸ்கோப்பின் ஏர்த் வயரை வெட்டிவிட்டு அளக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, ஸ்கோப்பின் உடம்பே 500 வோல்ட்டில் நிற்கும், அதைத் தொட்டவர் கதை முடிந்தது.

அந்த 81 சதவீதத்தைப் பற்றி. அது வெப்பமாக வீணாவதைச் சொல்கிற எண்ணே இல்லை. கப்பாசிட்டர் இல்லாத ஒற்றை ஃபேஸ் முழு அலை ரெக்டிஃபயரில், சுமையில் சேர்கிற மொத்த சக்தியில் எவ்வளவு சுத்தமான டிசி என்று கேட்டால் 81 சதவீதம். மீதி 19ம் அதே சுமைக்குத்தான் போகிறது, ரிப்பிளாக. டயோடுக்குள் எரிவது இல்லை. அதே கணக்கை மூன்று ஃபேஸ் பிரிட்ஜுக்குப் போட்டால் 99.8 வரும். உண்மையான இழப்பு வேண்டுமென்றால் நேரடியாகப் போடலாம்: ஒரு நேரத்தில் இரண்டு டயோட் பாய்கிறது, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1 வோல்ட், டிசி மின்னோட்டம் 12 அம்பியர், ஆக 24 வாட். 6,400 வாட்டில் அது அரைச் சதவீதம் கூட இல்லை. முழு டிரைவுக்கும் சேர்த்து இழப்பு 2, 3 சதவீதம், பெரும்பங்கு வெளிப்பக்கத்து ட்ரான்சிஸ்டர்களில். இதை உள்ளே போகிற வாட்டையும் வெளியே வருகிற வாட்டையும் அளந்து கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்காதீர்கள். இரண்டு மீட்டரிலும் 1 சதவீதம் பிழை இருந்தால் 3 சதவீத இழப்பு 1 என்றும் வரும், 5 என்றும் வரும்.

இப்போது மெயின் போர்டு. இதுதான் பணம் செலவாகுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடம். இரவு 140 அம்பியர் ஓடும்போது 14 சதவீதம் என்றால் ஹார்மோனிக் 20 அம்பியர் பக்கம். மூன்று டிரைவும் ஆளுக்கு 7.3 தந்தால் 22 வர வேண்டும், கொஞ்சம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு 20, ஆகவே கணக்கு ஒத்துப்போகிறது. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமான ஐஇஇஇயின் 519ஆம் இலக்கத் தரம்தான் பலரும் எடுத்து வைக்கிற அளவுகோல். அது வகுக்கச் சொல்வது அந்த நேரத்து 140ஆல் இல்லை, முந்தைய பன்னிரண்டு மாதங்களின் உச்ச டிமாண்ட் மின்னோட்டங்களின் சராசரியால். உங்கள் மாக்ஸிமம் டிமாண்ட் 180 கேவிஏ என்று எழுதியிருக்கிறீர்கள், அது 260 அம்பியர். 20ஐ 260ஆல் வகுத்தால் 7.7 சதவீதம். அந்தத் தரத்தில் எல்லை எவ்வளவு என்பது லைன் எவ்வளவு பலமானது என்பதைப் பொறுத்தது. 250 கேவிஏ ட்ரான்ஸ்போமர், இம்பீடன்ஸ் (உள்ளே இருக்கும் தடை) 4 சதவீதம் என்றால் ஷார்ட் சர்க்கிட் மின்னோட்டம் 9,000 அம்பியர், அது உங்கள் டிமாண்டைப் போல 35 மடங்கு. 20 மடங்குக்கும் 50 மடங்குக்கும் இடையில் இருக்கிறவர்களுக்கு எல்லை 8 சதவீதம், ஐந்தாவது ஏழாவது போன்றவற்றுக்குத் தனித்தனியாக 7. ஆக உள்ளேதான் இருக்கிறீர்கள், ஆனால் வாசற்படியில். ட்ரான்ஸ்போமருக்கு மேலே இருக்கும் லைனின் பலவீனத்தை நான் இதில் சேர்க்கவில்லை. மலை உச்சியில் லைன் முடிவில் இருக்கிற ஸ்டோர் என்றால் அந்த 35 இறங்கும், 20க்குக் கீழே போனால் எல்லை 5 ஆகிவிடும். மின்சாரம் தருகிறவர்களின் ஏரியா எஞ்சினியரிடம் அந்த இடத்து ஃபோல்ட் லெவல், அதாவது அங்கே ஷார்ட் ஆனால் லைன் எவ்வளவு தரும், என்று கேட்டால்தான் இதை உறுதியாகச் சொல்லலாம். வோல்ட் பக்கம் எல்லை 8 சதவீதம், தனி ஹார்மோனிக்குக்கு 5. உங்கள் அறிக்கையில் வோல்ட்டின் டிஎச்டியை ஏன் எழுதவில்லை என்று அவர்களிடம் கேளுங்கள், மற்ற மெஷின்களைத் தொந்தரவு செய்வது அதுதான்.

அளக்கும் நேரமும் முக்கியம். ஐந்து நிமிஷம் மீட்டரை மாட்டி ஒரு திரையைப் படம் பிடித்துக் கொடுப்பது அளவீடு இல்லை. நல்ல அனலைசர் 200 மில்லி செகண்டுக்கு, அதாவது நம்முடைய 50 ஹெர்ட்ஸில் பத்துச் சுற்றுக்கு, ஒரு தடவை கணக்கெடுத்து அதைப் பத்து நிமிஷச் சராசரியாகச் சேர்த்து வைக்கும். அதை ஒரு வாரம் விட்டு வையுங்கள். ஸ்டோரின் நாள் ஒரே மாதிரி இருக்காதே: பின்னேரம் கொழுந்து வந்து தொட்டியில் பரப்பியதும் விசிறி முழு வேகம், இரவெல்லாம் விசிறிகள் மட்டும், விடியப்புறம் ரோலர்கள் ஓட ஆரம்பித்ததும் அந்த மோட்டர்களின் சுத்தமான மின்னோட்டம் சேர்ந்து சதவீதம் விழும், அம்பியர் அப்படியே இருக்கும். ஒரு வாரம் விட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை என்றால் ஞாயிறு இரவு விசிறி ஓடாது. அந்த இரவில் வோல்ட்டில் 2 சதவீதம் டிஎச்டி இருந்தால் அது உங்களுடையது இல்லை, லைனோடு வந்தது. அதைக் கழித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் டிரைவ் மேல் போடக் கூடாது. முடிந்தால் கொழுந்து கூடும் சித்திரை, வைகாசியில் ஒரு தடவை, மழையில் இலை நனைந்து வரும் மாதத்தில் ஒரு தடவை அளந்தால் இன்னும் நல்லது.

கிளாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3,000 அம்பியர் வளையும் கயிறு கிளாம்பை 12 அம்பியர் வயரில் சுற்றி அளந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் வருகிற ஹார்மோனிக்கில் பாதி மீட்டரின் சொந்தச் சத்தம். சின்ன மின்னோட்டத்துக்கு வாயுள்ள சின்ன கிளாம்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் கயிறை வயரைச் சுற்றி மூன்று சுற்று விட்டு, மீட்டரில் மூன்றால் வகுக்கச் செட் பண்ணுங்கள். அம்புக்குறி மூன்றும் சுமைப் பக்கம் பார்க்க வேண்டும், ஒன்று திரும்பியிருந்தால் அம்பியர் சரியாகவே வரும், வாட்டும் பவர் ஃபாக்டரும் மட்டும் குழம்பும், அதனால் யாருக்கும் தெரியாது.

கப்பாசிட்டர் விஷயத்துக்கு வருகிறேன், அவசரமானது இதுதான். 150 கேவார் (கப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு) பேங்க், ஒவ்வொன்றும் 25 ஆக ஆறு ஸ்டெப். கப்பாசிட்டரும் ட்ரான்ஸ்போமரும் சேர்ந்து ஏதோ ஒரு ஹார்மோனிக்கில் ஒத்திசைந்து அதைப் பெருக்கும். எந்த ஹார்மோனிக் என்று கண்டுபிடிக்க ட்ரான்ஸ்போமரின் ஷார்ட் சர்க்கிட் கேவிஏவை, உங்களுக்கு 6,250, உள்ளே இருக்கும் கேவாரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஐந்து ஸ்டெப் உள்ளே இருந்தால் 6,250ஐ 125ஆல் வகுக்க 50, வர்க்கமூலம் 7.07. ஏழாவது ஹார்மோனிக்கின் தலையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. விடியப்புறம் ரோலர்கள் ஓடும்போது உங்கள் கன்ட்ரோலர் ஐந்து ஸ்டெப்பைத்தான் போடும் என்று நினைக்கிறேன். இரவில் இரண்டு ஸ்டெப் மட்டும் என்றால் 11.2, பதினோராவதுக்குப் பக்கம். ட்ரான்ஸ்போமருக்கு மேலே உள்ள லைனையும் சேர்த்தால் இந்த எண்கள் கொஞ்சம் கீழே இறங்கும், ஆகவே எந்த ஸ்டெப் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். அளந்தால் தெரிந்துவிடும். 25 கேவார் ஸ்டெப் 400 வோல்ட்டில் 36 அம்பியர் எடுக்க வேண்டும். கப்பாசிட்டருக்கான சர்வதேச ஐஇசி தரம் அதன் குறித்த மின்னோட்டத்தைப் போல 1.3 மடங்கு வரை தொடர்ந்து தாங்கச் சொல்கிறது, அதாவது 47. ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்பை ஒவ்வொரு ஸ்டெப்பின் வயரிலும் வைத்து, ஒரு ஸ்டெப் உள்ளே இருக்கும்போது, இரண்டு உள்ளே இருக்கும்போது என்று ஆறு வரை எழுதுங்கள். 47க்கு மேலே போகிற வரிசைதான் உங்கள் கப்பாசிட்டரை வீங்க வைத்த ஆள். அது வரை ஐந்தாவது ஸ்டெப்பை மனுவலில் நிறுத்தி வைத்தால் பவர் ஃபாக்டர் கொஞ்சம் விழும், பில்லில் கேவிஏ கொஞ்சம் கூடும், தோட்டத் துரை கேட்பார், வீங்கிய கப்பாசிட்டரைக் கையில் கொடுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னால் 7 சதவீத ரியாக்டர். அது ஒத்திசைவை 189 ஹெர்ட்ஸுக்கு, அதாவது ஐந்தாவதுக்குக் கீழே, இறக்கிவிடும். ஆனால் ரியாக்டரைப் போட்டுவிட்டு 400 வோல்ட் பழைய கப்பாசிட்டரையே வைத்திருக்கக் கூடாது. ரியாக்டர் வந்ததும் கப்பாசிட்டரின் முனையில் வோல்ட் 430க்கு ஏறும், 440க்குக் குறையாமல், முடிந்தால் 480 வோல்ட் உருப்படியாக வாங்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும்போது பேங்கை முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். 200 கேவிஏ ஜெனரேட்டர் ஹார்மோனிக்கின் பார்வையில் உங்கள் ட்ரான்ஸ்போமரை விட ஐந்து மடங்கு பலவீனமானது, அதே டிரைவ்கள் அதே அம்பியரைத் தந்தாலும் வோல்ட் அலை அங்கே அதற்கேற்ப அதிகமாகக் கெடும். லைனில் இருக்கும்போது அளந்ததை வைத்து ஜெனரேட்டரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஃபில்டர் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று டிரைவுக்கும் முன்னால் 3 சதவீத லைன் சோக் போடுங்கள். 7.5 கிலோவாட்டுக்கு அது ஒவ்வொரு ஃபேஸிலும் 1.4 மில்லி ஹென்றி பக்கம் வரும். 78 சதவீதம் 40 பக்கம் இறங்கும், டிரைவ் ஒன்றுக்கு 7.3 அம்பியர் ஹார்மோனிக் 4க்குக் கீழே போகும், மெயின் போர்டில் 7.7 என்று வந்தது 4 பக்கம் வரும். டிரைவின் உள்ளேயே டிசி சோக் இருக்கிறதா என்று முதலில் மனுவலைப் பாருங்கள், இந்தச் சைஸில் பெரும்பாலும் இருக்காது, உங்கள் 78ம் அதைத்தான் சொல்கிறது. மற்ற ஏழு தொட்டிக்கும் டிரைவ் போடும் யோசனை இருந்தால் அப்போது கதை மாறும்: பத்துக்கும் சோக் போட்டால்கூட 38 அம்பியர், 260ஆல் வகுத்தால் 14 சதவீதத்துக்கு மேல். ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று கழிப்பதை விட்டுவிட்டுப் போட்ட கரடுமுரடான கணக்கு இது, உண்மை இதை விடக் குறைவாக வரும், ஆனால் 8க்குள் வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அந்தக் கட்டத்தில் எதிர் மின்னோட்டம் கொடுத்து ஹார்மோனிக்கை அழிக்கும் ஒரு ஆக்டிவ் ஃபில்டருக்கு விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஐந்து டிரைவ் போட்டு அளந்த பிறகு.

ட்ரான்ஸ்போமர் பிளேட்டில் அடித்திருக்கும் இம்பீடன்ஸ், வீங்கிய கப்பாசிட்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதிய அம்பியர், மூன்று ஃபேஸின் வோல்ட், இந்த நான்கையும் இங்கேயே போடுங்கள். 4 சதவீதம் என்று நான் எடுத்துக்கொண்டது இந்தச் சைஸ் ட்ரான்ஸ்போமருக்கு வழக்கமான எண், உங்கள் பிளேட்டில் வேறாக இருந்தால் ஐந்து ஸ்டெப் என்று நான் சொன்னது நான்காகவோ ஆறாகவோ மாறும்.